காது கேட்க வைக்கும் மரபணு மருந்து ஏன் சில குழந்தைகளுக்கு மட்டும்?

2024 ஜனவரியில் ஷாங்காயிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றில், பிறவியிலேயே காது கேளாத 6 குழந்தைகளுக்கு பழுதான மரபணுவுக்குப் பதிலாகச் சரியான மரபணுவைச் சுமந்து செல்லும் மருந்தை உள்காதில் ஒரே ஒரு முறை செலுத்தினார்கள். சில வாரங்களில் 5 பேருக்குக் கேட்கத் தொடங்கியது. அதே மாதம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையும் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இதே வகைச் சிகிச்சை பலித்ததாக அறிவித்தது.

காது கேளாத பிள்ளையை வளர்க்கும் பெற்றோருக்கு இந்தச் செய்தியைப் படித்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: நம் பிள்ளைக்கும் இதைச் செய்ய முடியுமா? பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்போதைக்கு முடியாது. ஏன் முடியாது என்பதை "காது நரம்பு பலவீனம்" என்று நாம் வழக்கமாகச் சொல்லும் இரண்டு சொற்களால் விளக்க முடியாது. நரம்பு என்று நாம் சொல்லும் இடத்தில் பல வகைச் செல்கள் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் கெடும் விதம் வேறு, அதற்கான வழியும் வேறு. அதனால் முதலில் உள்காதுத் திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பது போல அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

எலும்புக்குள் ஒளிந்திருக்கும் உறுப்பு

செவிப்பறைக்கும் மூன்று குட்டி எலும்புகளுக்கும் அப்பால், மண்டையோட்டின் பொட்டெலும்புக்குள் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதுதான் காக்லியா. பட்டாணி அளவுதான் இருக்கும். இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுருண்டிருக்கும் அதை நீட்டினால் சுமார் 35 மி.மீ. வரும். பிறக்கும்போதே அது பெரியவர்களுக்கு இருக்கும் அளவை எட்டிவிடுகிறது. பிள்ளை வளர்ந்தாலும் காக்லியா வளர்வதில்லை.

அதைச் சூழ்ந்த எலும்பு உடலின் மிகக் கடினமான எலும்புகளில் ஒன்று. கல்லீரலில் ஊசி செலுத்தித் துளி சதை எடுத்துச் சோதிப்பதுபோல் காக்லியாவில் எடுக்க முடியாது. எடுத்தால் இருக்கும் செவியும் போய்விடும். மனித உள்காதுத் திசுவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, இறந்தபின் தானமாகத் தரப்பட்ட பொட்டெலும்புகளிலிருந்து வந்தது. அந்த எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்தெடுக்கவே பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் பிடிக்கும். அப்புறம்தான் மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றிப் பார்க்க முடியும். ஆக, டாக்டர் உங்கள் பிள்ளையின் காதைச் சோதிக்கும்போது திசுவை நேரில் பார்ப்பதில்லை. வெளியிலிருந்து எடுக்கும் அளவுகளை வைத்து, உள்ளே எது பழுது என்று ஊகிக்கிறார். இது கட்டுரையின் கடைசியில் மறுபடியும் முக்கியமாகும்.

இரண்டு நீர், நடுவில் ஒரு பேட்டரி

காக்லியாவைக் குறுக்கே வெட்டினால் மூன்று அறைகள் தெரியும். மேலறையிலும் கீழறையிலும் பெரிலிம்ஃப் என்ற நீர் இருக்கிறது. உடலின் மற்ற புறச்செல் நீர்களைப் போல அதில் சோடியம் அதிகம். நடு அறையில் உள்ள எண்டோலிம்ஃப் நேர் எதிர். இளநீரைப் போல அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் மிகக் குறைவு. உடலில் செல்களுக்கு வெளியே இருக்கும் நீர் எதுவும் பொதுவாக இப்படி இருப்பதில்லை.

இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது நடு அறையின் பக்கச் சுவரில் உள்ள ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸ் என்ற பட்டை. திசுப் படலத்துக்குள்ளேயே ரத்தத் தந்துகிகள் ஓடுவது இதன் தனித்தன்மை. அது இடைவிடாமல் பொட்டாசியத்தை நடு அறைக்குள் இறைத்துக்கொண்டே இருப்பதால் அங்கே சுமார் +80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது. இதைக் காதின் பேட்டரி என்று சொல்லலாம். கேட்கும் செல்கள் தங்களுக்கான மின்சாரத்தைத் தாங்களே தயாரிப்பதில்லை. பக்கத்துச் சுவர் தயாரித்து வைத்திருக்கிறது, அவை கதவைத் திறந்தால் போதும்.

நான்கு வரிசைச் செல்கள்

நடு அறையின் தரை, பேசிலார் சவ்வு. அதன்மேல் உட்கார்ந்திருக்கும் திசுத்தொகுதிதான் கார்ட்டி உறுப்பு. 1851-இல் இதை விவரித்த இத்தாலிய உடற்கூறியலாளர் அல்ஃபோன்சோ கார்ட்டியின் பெயர் அது. சுருளின் அடியிலிருந்து நுனிவரை இங்கே நான்கு வரிசைகளில் மயிர்ச் செல்கள் நிற்கின்றன. உள்பக்கம் ஒரு வரிசை, ஒரு காதுக்குச் சுமார் 3,500 செல்கள். வெளிப்பக்கம் மூன்று வரிசை, சுமார் 12,000 செல்கள். இவற்றைத் தாங்கிப் பிடிக்க டைட்டர்ஸ் செல், தூண் செல் என்று துணைச் செல்கள் உண்டு.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கண்ணின் விழித்திரையில் ஒளியுணரும் செல்கள் 10 கோடிக்கும் மேல். காதில் இரண்டு வகையும் சேர்த்து 16,000-கூட இல்லை. தோல் போல அவை மறுபடி முளைப்பதும் இல்லை. தாயின் வயிற்றிலேயே உருவாகும் அந்தச் செல்கள்தான் 80, 90 வயதுவரை ஓட வேண்டும்.

பேசிலார் சவ்வு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. அடியில் குறுகி விறைப்பாகவும், நுனியை நோக்கிப் போகப் போக அகன்று தளர்வாகவும் இருக்கிறது. அதனால் கீச்சென்ற ஒலிகள் அடிப்பக்கத்திலும் கனத்த ஒலிகள் நுனியிலும் அதை அதிகமாக அசைக்கின்றன. வீணையில் தந்தியின் எந்த இடத்தில் விரல் வைத்தாலும் அந்த இடத்துக்கு ஒரு ஸ்வரம் இருப்பதுபோல, காக்லியாவின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சுருதி உண்டு. இந்த அலை எப்படி நகர்கிறது என்பதை இறந்தவர்களின் காக்லியாவில் பார்த்துக் கண்டறிந்த கெயார்க் ஃபான் பேகேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வயதாலும் இரைச்சலாலும் முதலில் அடிபடுவது பெரும்பாலும் அடிப்பக்கச் செல்கள், அதாவது உயர்ந்த சுருதியைக் கேட்பவை. உயிரெழுத்தின் ஓசை கனமானது, அது கேட்கும். ச, ஸ, ஷ போன்றவற்றின் சீறல் உயர்ந்த சுருதி, அது விழாது. "காசு" என்று சொன்னால் "கா" கேட்கும். அடுத்து வந்தது "சு"வா, "து"வா, "டு"வா என்று தெரியாது. "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

நுனி இழை: ஒலி மின்சாரமாகும் இடம்

மயிர்ச் செல் என்று பெயர் இருந்தாலும் அதன் தலையில் இருப்பது மயிர் இல்லை. ஆக்டின் புரதம் அடைத்த விறைப்பான நுண்குச்சிகள். அவை கோயில் குளத்துப் படிக்கட்டு போல உயர வரிசையில் நிற்கின்றன. குட்டைக் குச்சியின் உச்சியிலிருந்து பக்கத்து நெட்டைக் குச்சியின் பக்கவாட்டுக்கு ஒரு மெல்லிய இழை கட்டப்பட்டிருக்கிறது. 1984-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டறியப்பட்ட இந்த நுனி இழை, கேடெரின்-23, புரோட்டோகேடெரின்-15 என்ற இரண்டு புரதங்களால் ஆனது.

ஒலி வந்து பேசிலார் சவ்வு அசையும்போது குச்சிகள் நெட்டைப் பக்கம் சாய்கின்றன. இழை விறைக்கிறது. இழை கட்டியிருக்கும் இடத்தில் உள்ள நுண்கதவு திறக்கிறது. வெளியே காத்திருக்கும் பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. அவ்வளவுதான், ஒலி மின்சாரமாகிவிட்டது. கண்ணில் ஒளி பட்டால் பல வேதிப் படிகள் தாண்டித்தான் சைகை பிறக்கும். காதில் இடைப்படி எதுவும் இல்லை, இழை இழுத்தால் கதவு திறக்கும். நொடிக்குப் பல்லாயிரம் அதிர்வுகளை நம்மால் பின்தொடர முடிவது இதனால்தான். மிக மெல்லிய ஒலி கேட்கும்போது அந்தச் சவ்வு அசையும் தூரம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. உடலில் இதைவிட நுட்பமான பொறியமைப்பு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த வேலைகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹட்ஸ்பெத், ராபர்ட் ஃபெட்டிப்ளேஸ், கிறிஸ்டின் பெத்தி மூவருக்கும் 2018-இல் காவ்லி பரிசு வழங்கப்பட்டது.

வெளிச் செல்களின் வேலை கேட்பதல்ல

உள் வரிசைக்கும் வெளி வரிசைகளுக்கும் வேலை ஒன்றல்ல. மூளைக்குச் செய்தி எடுத்துப்போகும் சுமார் 30,000 நரம்பிழைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உள் செல்களோடுதான் இணைந்திருக்கின்றன. எண்ணிக்கையில் மும்மடங்குக்கு மேல் இருக்கும் வெளிச் செல்களுக்கு மிகச் சில இழைகளே. அப்படியானால் அவை எதற்கு?

விடை 1985-இல் வந்தது. மின்னழுத்தம் மாறும்போது வெளிச் செல் தன் உடலையே சுருக்கி நீட்டுவதை வில்லியம் பிரவுனல் குழு காட்டியது. ஒலியின் தாளத்துக்கு அது ஆடுகிறது, ஆடி சவ்வின் அசைவைப் பெருக்குகிறது. இதைச் செய்யும் புரதம் 2000-இல் கண்டறியப்பட்டது. இசையில் துரிதகதியைக் குறிக்கும் "ப்ரெஸ்டோ" என்ற சொல்லிலிருந்து அதற்கு ப்ரெஸ்டின் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெருக்கத்தால் கிடைக்கும் ஆதாயம் 40 முதல் 60 டெசிபல்வரை. மெல்லிய ஒலிக்குப் பெருக்கம் அதிகம், பலத்த ஒலிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

வீட்டில் நாம் பார்க்கும் ஒரு விஷயம் இதனால் புரியும். தாத்தாவிடம் மெல்லப் பேசினால் "சத்தமாச் சொல்லுப்பா" என்பார். சத்தமாகச் சொன்னால் "ஏன் கத்துற?" என்று முகம் சுளிப்பார். அது பிடிவாதம் அல்ல. வெளிச் செல்கள் போனதால் மெல்லிய ஒலிக்கான பெருக்கி இல்லை, ஆனால் பலத்த ஒலி முன்போலவே முழு வேகத்தில் உள்ளே போகிறது. இரண்டுக்கும் இடையிலான வசதியான வெளி குறுகிவிட்டது.

வெளிச் செல்கள் ஆடும்போது எழும் மிக மெல்லிய ஒலி, காதுக்குள்ளிருந்து வெளியே கசிகிறது. 1978-இல் டேவிட் கெம்ப் இதை மைக்கில் பிடித்தார். பிறந்த குழந்தையின் காதில் சின்ன முனையைச் செருகிச் செய்யும் ஓ.ஏ.ஈ. பரிசோதனை இதையே அளக்கிறது. அது அளப்பது வெளிச் செல்களின் ஆட்டத்தை மட்டும்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி அரை அடி

உள் செல்லின் தலையில் பிறந்த மின்சைகை அடிப்பகுதிக்கு இறங்குகிறது. அங்கே குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை நிரப்பிய நுண்பைகள், ரிப்பன் என்ற அமைப்பைச் சுற்றி வரிசையில் காத்திருக்கின்றன. கால்சியம் உள்ளே வந்ததும் பைகள் செல்லின் சுவரோடு இணைந்து உடைந்து, குளூட்டமேட் எதிரே இருக்கும் நரம்பிழை மீது கொட்டுகிறது. கால்சியம் வந்ததை உணர்ந்து பையை உடைக்க வைக்கும் புரதம் ஓட்டோஃபெர்லின்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? பேட்டரி ஓடும். சவ்வு அசையும். நுனி இழை இழுக்கும். வெளிச் செல் ஆடும். உள் செல்லில் மின்சைகையும் பிறக்கும். ஆனால் பை உடையாது. மூளைக்கு எதுவும் போய்ச் சேராது.

"நரம்பு பலவீனம்" என்ற சொல்லுக்குள் எத்தனை பழுதுகள்

இதுவரை பார்த்த வரிசையிலேயே, எங்கெங்கே அறுந்துபோகலாம் என்று பார்ப்போம்.

1. பேட்டரிச் சுவர். ஃபியூரோசமைட் போன்ற சிறுநீர் பெருக்கி மருந்துகள் அதிக அளவில் ஸ்ட்ரையாவைத் தளர்த்தும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் கேட்கும் திறன் திரும்பிவிடும். முதுமையில் இந்தச் சுவரே மெலிவது வேறு, அது திரும்பாது.

2. துணைச் செல்களுக்கு இடையிலான கதவுகள். துணைச் செல்கள் கன்னெக்சின்-26 என்ற புரதத்தால் ஆன துளைகள் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. காக்லியா சரியாக வளர்வதற்கும், பொட்டாசியம் திரும்பிப் போவதற்கும் இவை வேண்டும். இதற்கான ஜி.ஜே.பி.2 மரபணுவின் பழுது, பரம்பரைக் காது கேளாமைக்கு உலகின் பல பகுதிகளில் முதன்மையான காரணம். இந்தியாவில் அடிக்கடி காணப்படுவது டபிள்யூ24எக்ஸ் என்ற வகை.

3. நுனி இழையும் கதவும். கேடெரின்-23, புரோட்டோகேடெரின்-15 மரபணுக்கள் பழுதானால் பிறவிச் செவிக்குறையோடு பின்னாளில் பார்வையும் மங்கும் அஷர் நோய்க்குறி வரலாம்.

4. மயிர்ச் செல்கள் சாவது. இரைச்சல், வயது, சில மருந்துகள். ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற அமினோகிளைகோசைடு மருந்துகள் ஒலிக்காகத் திறக்கும் அதே நுண்கதவு வழியாகத்தான் செல்லுக்குள் நுழைந்து அதைக் கொல்கின்றன. காசநோயிலிருந்து உயிரைக் காத்த ஸ்ட்ரெப்டோமைசின் பலருடைய செவியை எடுத்துக்கொண்டது இப்படித்தான். புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினும் மயிர்ச் செல்களைக் கொல்லும். ஆனால் உடல் முழுக்கப் பரவாத கட்டிகள் உள்ள குழந்தைகளுக்கு இந்தச் சேதத்தைக் குறைக்க, சோடியம் தயோசல்ஃபேட் மருந்துக்கு அமெரிக்கா 2022-இல் அனுமதி தந்தது.

5. ரிப்பன் இணைப்பு. ஓட்டோஃபெர்லின் பழுது இங்கே சேரும். செல் சாகாமல் இணைப்பு மட்டும் அறுவதும் உண்டு. தற்காலிகமாகக் காது அடைத்துத் தெளிந்த பிறகும் இரைச்சல் இணைப்புகளை நிரந்தரமாக அழித்திருப்பதை 2009-இல் எலிகளில் கண்டார்கள்.

6. நரம்பே இல்லாமல் போவது. ஒப்பீட்டளவில் அரிது. "நரம்பு" என்று நாம் சொல்வதில் உண்மையான நரம்புப் பழுது இது மட்டுமே.

ஓட்டோஃபெர்லின் ஏன் முதலில் வந்தது

ஷாங்காயிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் சிகிச்சை பெற்றவர்களுக்கு இருந்தது இந்த ஓட்டோஃபெர்லின் பழுதுதான். ஆய்வாளர்கள் இந்த அரிய வகையைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. பிறவிச் செவிக்குறை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு ஒருசிலருக்குத்தான் இது இருக்கிறது. ஆனாலும்:

1. திசு அப்படியே இருக்கிறது. மயிர்ச் செல்கள் நிற்கின்றன, துணைச் செல்கள் நிற்கின்றன, நரம்பிழைகள் எதிரே காத்திருக்கின்றன. ஒரே ஒரு புரதம் வந்தால் போதும். செத்த செல்லுக்குள் எந்த மரபணுவைச் செலுத்தியும் பயனில்லை.

2. மருந்து சேர வேண்டிய செல்கள் சில ஆயிரம் மட்டுமே. எலும்புச் சுவருக்குள் அடைபட்ட சிறு அறை என்பதால், வட்டச் சாளரம் என்ற சவ்வு வழியாகச் செலுத்தினால் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். காக்லியாவை ஆராயத் தடையாக இருந்த அதே எலும்பு இங்கே உதவுகிறது.

3. உள் செல்கள் பிரிந்து பெருகுவதில்லை. அதனால் கொடுத்த மரபணு நீர்த்துப்போகாமல் இருக்க வாய்ப்பு உண்டு.

தடையும் ஒன்று இருந்தது. மரபணுவைச் சுமந்து செல்லும் ஏ.ஏ.வி. வைரஸ் ஓட்டில் சுமார் 4,700 மரபணு எழுத்துகளுக்குத்தான் இடம். ஓட்டோஃபெர்லினின் மரபணுச் செய்தி சுமார் 6,000 எழுத்துகள். அதை இரண்டு பாதியாக வெட்டி, இரண்டு வைரஸ் ஓடுகளில் தனித்தனியே ஏற்றினார்கள். ஒரே செல்லுக்குள் இரண்டும் நுழைந்தால் அங்கே ஒட்டிக்கொண்டு முழுப் புரதம் உருவாகும். ஷாங்காயில் பலித்தது இந்த வழிதான்.

மயிர்ச் செல்களே இல்லாதவர்களுக்கு வேறு வழி தேட வேண்டும். கோழிக்கும் மற்ற பறவைகளுக்கும் இரைச்சலால் மயிர்ச் செல் செத்தால், துணைச் செல்களிலிருந்து புதியவை முளைக்கின்றன. இது 1988-லேயே தெரியும். பாலூட்டிகளின் காக்லியாவில் வளர்ந்தபின் அது நடப்பதில்லை. அதைத் தூண்டும் முயற்சிகள் எதுவும் இன்னும் மருத்துவமனை வழக்கத்துக்கு வரவில்லை.

பெற்றோர் என்ன கேட்க வேண்டும்

ஓட்டோஃபெர்லின் பழுது உள்ள குழந்தைக்கு வெளிச் செல்கள் நன்றாக ஆடுகின்றன. அதனால் ஓ.ஏ.ஈ. பரிசோதனையில் அந்தக் குழந்தை பெரும்பாலும் தேறிவிடும். "காது நல்லா இருக்கு" என்று சீட்டும் கிடைக்கும். ஆனால் தலையில் மின்முனைகளை ஒட்டி, நரம்பு வழியாகச் சைகை போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனையில் கோடு நேராகக் கிடக்கும். கைதட்டினால் திரும்பாத குழந்தைக்கு ஓ.ஏ.ஈ. சரியாக இருந்தது என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பெராவும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலகளவில் பின்பற்றப்படும் இலக்கு.

அடுத்து, மரபணுப் பரிசோதனை. ஓட்டோஃபெர்லின், கன்னெக்சின் பழுதுகள் பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். பெற்றோர் இருவருக்கும் நன்றாகக் கேட்கும், தங்களிடம் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் மணமுடித்தவர்களுக்கு ஒரே மூதாதையின் பழுது இரண்டு பக்கமும் வந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதில் யார் மீதும் குற்றமில்லை. அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை பெற இது ஒரு காரணம்.

அறிக்கையில் ஓ.டி.ஓ.எஃப்., அதாவது ஓட்டோஃபெர்லினின் மரபணு, என்று வந்தால், மரபணுச் சிகிச்சை ஆய்வுகள் எங்கே நடக்கின்றன என்று டாக்டரிடம் கேட்பதில் பொருள் உண்டு. ஜி.ஜே.பி.2 என்று வந்தால் அந்த மருந்து உதவாது. அங்கே காக்லியாவுக்குள் மின்முனைகளைப் பொருத்தும் கருவியான காக்லியர் இம்ப்ளான்ட் நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் மயிர்ச் செல்களைத் தாண்டி அது நேராகத் தூண்டும் நரம்பிழைகள் இந்தக் குழந்தைகளிடம் பெரும்பாலும் நலமாக உள்ளன. 12 முதல் 22 மின்முனைகள் 3,500 செல்களின் வேலையை முழுதாகச் செய்துவிடாது. ஆனாலும் பேச்சைப் பிடிக்க அது போதும் என்பதை, சிறு வயதிலேயே பொருத்திக்கொண்டு வகுப்பில் பாடம் சொல்லும் பிள்ளைகள் காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இது கிடைக்கிறது. மொழியைக் கற்க மூளை தயாராக இருக்கும் முதல் சில ஆண்டுகளுக்குள் பொருத்த வேண்டும். நம் பிள்ளையின் வகைக்கும் ஒரு மரபணு மருந்து வரட்டும் என்று அந்த ஆண்டுகளைக் காத்திருந்து கழித்துவிட வேண்டாம்.